ஷாக் மாத்தணுமா, சார்?

இந்த வாரத் தபால் மூட்டையைப் பிரித்தால் ஒரே ரப்பர் வாசனை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்க ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வேகமான கார் வாங்கியாச்சு; கம்பெனி மாட்டிக் கொடுத்த ஷாக்கும் டயரும் போதுமா?

கே: ஐ20 என் லைன் வாங்கி மூன்று மாதம். 'சஸ்பென்ஷனை மாத்து, டயரை மாத்து'ன்னு ஃப்ரெண்ட்ஸ் உயிரை எடுக்கிறாங்க. முதல்ல எதை மாத்த?
— கல்மண்டபம், ராயபுரம்

ப: ஃப்ரெண்ட்ஸை.

2021ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அந்த வண்டி வெளியே வந்தபோதே சாதா ஐ20-ஐ விட ஷாக்கை இறுக்கி, ஸ்டீயரிங்குக்குக் கனம் கூட்டி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் அந்த வேலையும் அடக்கம். முதலில் அதை முழுசாக அனுபவியுங்கள். டயர் தேயட்டும், அப்புறம் பேசலாம்.

கே: மேலே கேட்டவரின் ஃப்ரெண்ட் நான்தான். அப்போ மாத்தவே கூடாதா?
— அதே தெரு, நாலு வீடு தள்ளி

ப: வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். மாத்தலாம், ஆனால் வரிசை உண்டு. காற்று, அலைன்மென்ட், டயர், ஷாக், எல்லாம் முடிந்த பிறகு ஸ்ப்ரிங். நம்ம பசங்க ஸ்ப்ரிங்கில் ஆரம்பித்துக் காற்றுக்கு வந்து சேர்வதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது.

கே: டயரா, ஷாக்கா? எது பெரிசு?
— பாக்ஸிங் வாத்தியார், காசிமேடு

ப: வாத்தியாரே, பதில் உங்கள் ரிங்கிலேயே இருக்கிறது. டயர் பாதம், ஷாக் முட்டி, ஸ்ப்ரிங் தொடை. குத்து கையிலிருந்தா கிளம்புகிறது? தரையிலிருந்து கிளம்புகிறது. பாதம் வழுக்கினால் சார்பட்டா பரம்பரையே வந்து நின்றாலும் ஒன்றும் நடக்காது.

ஒரு டன் எடையுள்ள கார் தரையைத் தொடுவது நாலே இடத்தில். ஒவ்வொன்றும் உங்கள் உள்ளங்கை அகலம். பிரேக், வளைவு, மழை எல்லாம் அந்த நாலு உள்ளங்கைக்குள்தான். அந்த நாலும் தரையை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஷாக்கின் உத்தியோகம். டயர் பெரிசு, ஷாக் அதன் காவல்காரன்.

கே: 16 இஞ்சை எடுத்துட்டு 17 இஞ்ச் அலாய் போட்டா கெத்தா இருக்குமே அங்கிள்?
— தேரடி, திருவொற்றியூர்

ப: இருக்கும் தம்பி, மறுக்கவில்லை. கணக்கையும் பார்த்துவிடு.

உன் டயரில் 195/55 ஆர்16 என்று இருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்: 107 மில்லிமீட்டர். இப்போது 215/45 ஆர்17 மாட்டுகிறாய். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 97 மில்லிமீட்டராகிவிட்டது. போனது ஒரு சென்டிமீட்டர் ரப்பர்.

அந்த ஒரு சென்டிமீட்டரின் மதிப்பு அண்ணா சாலையில் தெரியாது. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் ட்ரைலர்கள் வரிசையாக நின்று நின்று தாரே அலை அலையாகப் புடைத்திருக்கிற இடத்தில், மழைநீர் மூடிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போது தெரியும். பள்ளத்தின் விளிம்புக்கும் அலாய்க்கும் நடுவே நிற்பது அந்த ரப்பர் மட்டும்தான். அது போதாவிட்டால் டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பஞ்சர் கடைக்காரர் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று. பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமான சக்கரம். அந்தக் கனம் ஸ்ப்ரிங்குக்குக் கீழே தொங்குகிற கனம். ஒவ்வொரு குண்டுக்கும் அதைத் தூக்கித் தூக்கி இறக்கி ஷாக்தான் மூச்சு வாங்கும். அகலமும் வேண்டும், கெத்தும் வேண்டும் என்றால் 16 இஞ்சிலேயே எடை குறைந்த அலாய், நல்ல ரப்பர். கெத்து வளைவில் தெரியும்.

கே: டயருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா?
— பெட்ரோல் பங்க் எதிரில், தண்டையார்பேட்டை

ப: நீங்கள் இழுக்கிற மூச்சிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மிச்சம் 22க்குக் காசு கேட்கிறார்கள். வாரம் ஒருமுறை காற்று பார்க்கிறவருக்கு அது தேவையில்லை. பார்க்காதவருக்கு அது போதாது.

கே: முப்பது வருஷம் டயர் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். டயர் ஊரிலேயே பிறந்துவிட்டு நம் பிள்ளைகள் வெளிநாட்டு டயர் தேடுகிறார்களே?
— விம்கோ நகர்

ப: ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. அந்தப் பிள்ளைகளுக்கு ஊர்க் கதையை யாரும் சொல்லவில்லை.

1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை. அதில் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை செய்தது டயர் அல்ல, குழந்தைகள் ஊதும் பலூன். 1952ல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்தார். அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கைகோத்து 1961ல் அதே திருவொற்றியூரில் டயர் செய்தார். அந்தக் கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். அதன் பெயரில் ஓடிய அணி 2022ல் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பைத் தட்டி வந்தது. ஓட்டியவர் ஸ்பெயின்காரர் எஃப்ரென் யரேனா. சேறு, சரளை, தார் எல்லாம் கலந்த பந்தயம் அது. நம் மணலி சாலை மாதிரி.

டயரை நாடு பார்த்து வாங்க வேண்டாம். மழையில் பிடிக்கிறதா, நம் பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்கட்டும். உள்ளூர்ச் சரக்கு அந்தப் பரீட்சைக்கு உட்காரத் தயங்கியதே இல்லை.

கே: கடையில் புது டயர்னு கொடுத்தாங்க. பளபளன்னு இருக்கு. நம்பலாமா?
— சூரியநாராயண செட்டி தெரு

ப: பளபளப்பு பாலிஷ். பிறந்த தேதி பக்கவாட்டில் இருக்கிறது. சின்ன ஓவலுக்குள் நாலு இலக்கம்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

எனக்கே ஒரு கடையில் நடந்தது. 'இன்னிக்குத்தான் லோடு இறங்குச்சு' என்றார்கள். குனிந்து பார்த்தால் டயருக்கு நாலு வயது முடிந்திருந்தது. எல்.கே.ஜி.யில் சேர்க்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்களும் குனியுங்கள். முட்டி வலித்தாலும் பரவாயில்லை.

கே: இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கு. முன்னாடி போடவா, பின்னாடி போடவா?
— கொருக்குப்பேட்டை

ப: பின்னாடி.

'இழுக்கிறது முன்சக்கரம்தானே' என்று கேட்பீர்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரம். பம்பரத்துக்கு ஸ்டீயரிங் கிடையாது.

கே: எங்க வீட்டுக்காரர் காரைத் தாழ்த்துறேன்னு ஸ்ப்ரிங்கை ரெண்டு சுத்து வெட்டிட்டார். இப்போ ஸ்டான்லி ஆஸ்பத்திரி போற வரைக்கும் எனக்கு முதுகு விண்விண்ணுன்னு வலிக்குது.
— புதுவண்ணாரப்பேட்டை

ப: அம்மா, அவர் வெட்டியது இரும்பை மட்டுமல்ல. எட்டு சுத்து இருந்த ஸ்ப்ரிங்கில் இரண்டை வெட்டினால் மிச்சமிருக்கிற ஆறும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். சுத்து குறையக் குறைய ஸ்ப்ரிங் முரடாகும். அது பௌதிகம், ஒர்க்‌ஷாப் சொல்லுக்குக் கட்டுப்படாது. அதோடு ஷாக் இறங்குவதற்கு இருந்த இடமும் போய்விட்டது. குண்டு வந்தால் ரப்பர் தடுப்பில் போய் முட்டுகிறது. அதுதான் உங்கள் முதுகில் கேட்கிற சத்தம்.

பழைய அளவு ஸ்ப்ரிங் நாலும் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். மாட்டும் வரை அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து நீங்கள் ஓட்டுங்கள்.

கே: 'ஸ்டெப்னி'ன்னு ஏன் பேரு வந்தது?
— எட்டாம் வகுப்பு, எண்ணூர்

ப: வேல்ஸில் லனெத்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் 1904ல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அவர்களே மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை. இன்னொரு கேள்வியும் அனுப்பியிருக்கிறாய் அல்லவா? கடைசியில் வருகிறேன்.

கே: வண்டி இடது பக்கமா இழுக்குது. ஷாக் போச்சுங்கிறார் ஒருத்தர், ஸ்டீயரிங் போச்சுங்கிறார் இன்னொருத்தர்.
— டோல்கேட்

ப: இரண்டு பேரையும் விடுங்கள். டயரைக் கேளுங்கள், அது எழுதிவைத்திருக்கிறது.

வண்டியை நிழலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் டயர் முகம் காட்டும். உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவு, வெளியேயிருந்து உள்ளே ஒரு தடவு. ஒரு திசையில் மழமழவென்று போய், மறு திசையில் ரம்பம் மாதிரிக் கையைப் பிடித்தால் டோ, அதாவது முன்சக்கரங்கள் பார்க்கிற திசை, கோணல். அலைன்மென்ட் கடைக்கு வழி கேளுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. பணியாரக் குழி மாதிரி அங்கங்கே பள்ளம் விழுந்திருந்தால், அப்போதுதான் ஷாக்கின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

கம்பி நூல் எட்டிப்பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள், கிழிக்கும். சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தாக வேண்டும். காடிக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்கள், அதுதான் அளவு. பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் ஓய்வு பெற்றுவிட்டது.

கே: ஷாக் போயிடுச்சான்னு வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
— கத்திவாக்கம்

ப: பானட் ஓரத்தை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். ஊஞ்சலாடினால் விடை கொடுங்கள். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அழுத்திப் பார்க்கிற வேலைகூட மிச்சம்.

கே: கடலோரத்தில் வீடு. மூன்று வருஷத்தில் ஸ்ப்ரிங் உடைஞ்சுடுச்சு. கம்பெனி மோசமா?
— காசிமேடு

ப: கடல்காற்று. ஸ்ப்ரிங்கின் கடைசிச் சுத்து உட்காரும் கிண்ணத்தில் மணலும் உப்பும் சேறாகத் தங்கும். பெயிண்டை அரித்து, இரும்பைத் தின்று, ஒருநாள் பார்க்கிங்கில் நிற்கும்போதே 'டங்' என்று உடையும். விசைப்படகுக்காரர்களைப் பாருங்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். வாரம் ஒருமுறை பைப்பைச் சக்கரத்தின் பின்னால் உள்ள அந்தக் கிண்ணத்தில் பிடியுங்கள். உங்கள் பேட்டையில் இதைவிட மலிவான சஸ்பென்ஷன் அப்கிரேடு இல்லை.

கே: ராத்திரி எக்ஸ்பிரஸ் ரோட்டில் குட்டிக் காருங்க எங்க நடுவில் புகுந்து புகுந்து போகுது. நீங்களாவது சொல்லுங்க சார்.
— ட்ரைலர் ஓட்டுநர், எண்ணூர்

ப: அண்ணே, நீங்கள் சொல்லியே கேட்காதவர்களிடம் உங்கள் சார்பில் சொல்கிறேன். தம்பிகளா, நாற்பதடி கன்டெய்னர் இழுக்கிறவரின் இடது பக்கக் கண்ணாடியில் உங்கள் கார் தெரியாது. கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் வண்டி அவருக்கு இல்லை. இதற்கு எந்தக் கடையிலும் ஷாக் விற்பதில்லை.

கே: மழை பெய்யாத நாளிலும் எங்க ஏரியாவில் வண்டி வழுக்குதே?
— எர்ணாவூர்

ப: கேரம் போர்டில் போரிக் பவுடர் எதற்குத் தூவுகிறோம்? அனல்மின் நிலையச் சாம்பல் லாரியிலிருந்து சிந்தி, தார் மேல் பவுடராகப் படிந்திருக்கிறது. உங்கள் கார்தான் ஸ்ட்ரைக்கர். அதன் மேல் முதல் தூறல் விழுந்தால் பசை. அந்தப் பத்து நிமிடம் எந்த விலை டயரும் ஏழைதான். முன்வண்டிக்கு விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

நின்ற தண்ணீருக்கு வேறு கணக்கு. விமான டயருக்காக நாசாவில் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். அதன்படி பட்டன் போன டயரில் 33 பவுண்டு காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டரில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அதே டயரில் 25 பவுண்டுதான் இருந்தால் 83லேயே மிதக்கும். காற்று குறைந்தால் டயர் படகாகிவிடுகிறது.

கே: கம்பெனி போட்ட சஸ்பென்ஷன் நிஜமாவே தப்பா இருந்த கார் உண்டா?
— பழைய ரேஸ் ரசிகர், சோழவரம்

ப: உங்கள் ஊரிலேயே ஓடியதே! உங்கள் ஊர்ப் பந்தயத் தளம் இரண்டாம் உலகப்போரில் போட்ட விமான ஓடுபாதை. போர் முடிந்தபின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார்களைப் பறக்கவிட்டது. பந்தயம் 1990ல் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபோகும்வரை, சோழவரம் என்றால் வேகம்.

அங்கே ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் வண்டலூர்ப் பக்கம் செய்த கார். அதன் பின்சக்கரங்கள் நடுவிலிருந்து இரண்டு இறக்கை மாதிரி ஆடும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். பந்தயக்காரர்கள் பின் லீஃப் பட்டையைத் தாழ்த்தி அதை அடக்கினார்கள். பிறகு வந்த கஸெலில் கம்பெனியே இறக்கைகளை விட்டுவிட்டு நேர் அச்சுக்கு மாறியது. அந்தக் காலத்தில் ஷாக் மாற்றச் சொன்ன ஃப்ரெண்ட் உண்மையான ஃப்ரெண்ட்.

கே: எண்ணூரில் கார் செஞ்சாங்களாமே, உண்மையா?
— அசோக் லேலண்ட் பஸ் பயணி

ப: உண்மை. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டித் தந்தது. முன்னால் சுருள் ஸ்ப்ரிங், பின்னால் லீஃப் பட்டை. 1955ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. பட்டை மட்டும் போகவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில் குனிந்து கேளுங்கள்.

கே: தீவுத்திடல் நைட் ரேஸ் பார்த்தேன். அந்தக் கார் மாதிரி தரையோடு தரையா தாழ்த்தணும்.
— மூலக்கொத்தளம்

ப: 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. நானும் பார்த்தேன், மயிர்க்கூச்செறிந்தது. அந்த மூன்றரை கிலோமீட்டருக்குப் புதுத் தார் போட்டு, குப்பை கூட்டி, போக்குவரத்தை நிறுத்தி, ஓரமெல்லாம் தடுப்பு வைத்தார்கள். உங்கள் தெருவில் கவுன்சிலரிடம் இதெல்லாம் வாங்கிக் கொடுங்கள், நானே வந்து ஸ்பேனர் பிடிக்கிறேன்.

கே: ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
— கே.வி.பி. கார்டன் பக்கம்

ப: கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவில் நல்ல டயர் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கம்பெனி சொன்ன அமைப்பையே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நிற்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஸ்ப்ரிங் ஒன்று, வீல் ஒன்று, சைலன்சர் ஒன்று... எண்ணிக்கொண்டே வாருங்கள்.

கே: எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறுற காருக்கும் நமக்கு விக்கிற காருக்கும் ஷாக் ஒண்ணுதானா?
— துறைமுக ஊழியர், அத்திப்பட்டு

ப: பெயர் ஒன்று, பதம் வேறு. எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டுச் சாலைக்குத் தக்கபடி ஸ்ப்ரிங்கையும் ஷாக்கையும் அமைப்பார்கள். நமக்குக் கொஞ்சம் உயரம் கூட்டி, வேகத்தடையில் வயிறு இடிக்காதபடி தருகிறார்கள். அதை ஐரோப்பிய அளவுக்கு இறக்குகிறவர், கூடவே ஐரோப்பாவின் சாலையையும் இறக்குமதி செய்ய வேண்டும்.

கே: பழைய ஷாக் 70,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு. கொஞ்சம் பணமும் இருக்கு. இப்பவாவது மாத்தலாமா?
— மாதவரம்

ப: தாராளமாக! உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ஜோடி ஜோடியாக மாற்றுங்கள், ஒற்றைக் கால் புது செருப்பு வேண்டாம். கம்பெனி ஷாக்கே போதும். விருப்பமிருந்தால் அதே உயரத்தில் ஒரு படி இறுக்கமானதைப் போடலாம். லோயர் ஆர்ம் புஷ்ஷையும், மேலே உட்காரும் ரப்பர் மவுன்ட்டையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். கழற்றுகிற கூலி ஒன்றுதான். முடிந்ததும் அலைன்மென்ட். இவ்வளவும் செய்துவிட்டு ஒரு ஞாயிறு காலை பழவேற்காடு போய் வாருங்கள். புது வண்டி வாங்கிய சந்தோஷம் கிடைக்கும்.

கே: எங்கப்பா டயர்ல காத்து பார்க்கவே மாட்டார். நான் எப்படிப் பார்க்கிறது?
— அதே எட்டாம் வகுப்பு, எண்ணூர்

ப: வந்துட்டியா கண்ணு. டிரைவர் கதவைத் திற. தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர் உட்கார்ந்தால் எத்தனை பவுண்டு என்று எழுதியிருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார்க்கணும், ஓடின டயர் சூடாகிக் கூடுதலாகக் காட்டும். நாலு எண்ணையும் நோட்டில் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கு, பிராக்ரஸ் ரிப்போர்ட் மாதிரி.

அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார். வண்டி வாங்கின நாளிலிருந்து அதை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.